இரண்டு தலை முயலும் வனஜா அக்காவும்

வனஜா அக்கா இறந்துபோன செய்தி எனக்குச் சுவரொட்டியாகத்தான் வந்தது. பஸ் நிலையச் சுவரில் ஒரு சினிமா நாயகியின் முகத்தை மறைத்து ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. நடுவில் 'கேட்டதற்கெல்லாம் விடை தந்த எங்கள் சகோதரி' என்று இருந்தது. கீழே நம் வாசகசாலைச் செயலாளரின் பெயர், அக்காவின் பெயரைவிடப் பெரிய எழுத்தில். போனவர் பெயர் பொடியாகவும், போட்டவர் பெயர் தடியாகவும் இருக்கும் அஞ்சலியை அன்றுதான் பார்த்தேன்.

நம் கையெழுத்து இதழைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அக்காவிடம் விடைச் சீட்டு வாங்கியவர்கள். அவர் கேட்டதற்கெல்லாம் விடை தந்தவர் அல்ல என்று உங்களுக்குத் தெரியும்.

மலையடிவாரத்தில் வாசகசாலை வாசலில் இருக்கும் கேள்விப் பெட்டியில் யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். அக்கா ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து பெட்டியைத் திறப்பார். அலமாரிப் புத்தகங்களிலும், தான் வெட்டி வைத்திருந்த செய்தித்தாள் துண்டுகளிலும் தேடுவார். எது எதில் இருக்கிறது என்பதைப் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் குறித்து, அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். அதே மாதிரிப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதித் தரும் விடைச் சீட்டில் புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் கட்டாயம் இருக்கும். கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று எழுதி, எந்தெந்தப் புத்தகங்களில் பார்த்தார் என்று கீழே பட்டியல் போடுவார். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு நகல் தடித்த நோட்டில் இருக்கும்.

ஒரு முறை கே.ஜி.கண்டிகையிலிருந்து வயதான விவசாயி ஒருவர் வந்தார். பூச்சிமருந்து கலந்த விதை வேர்க்கடலை மிஞ்சிவிட்டது, கழுவி மாட்டுக்கு வைக்கலாமா என்பது அவர் கேள்வி. அக்கா மதியம் வரை தேடினார்.

"இல்ல நைனா. நம்ம புக்குங்கள்ல எங்கியும் போடல."

"கழுவினா போயிடும்னு பக்கத்து நெலத்துக்காரன் சொல்றாம்மா."

"அவன் சொல்லுவான். மாடு உங்களுது இல்ல? மாட்டாஸ்பத்திரில கேளுங்க. அதுவரிக்கும் வெக்காதீங்க."

மாட்டு டாக்டர் கூடவே கூடாது என்றாராம். அந்த மாடு இன்றும் கறக்கிறது.

இனி என் யோக்கியதை. அந்தப் பெட்டியைக் கண்டாலே எனக்குக் கை அரிக்கும். நம் மலையில் இரண்டு தலை முயல் பிடிபட்டது எந்த ஆண்டு என்று ஒரு சீட்டு. ஏரியில் மூழ்கிய கப்பலின் பெயர் என்ன என்று இன்னொன்று. இப்படி வாரத்துக்கு இரண்டு, மூன்று. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று பட்டியலோடு பதில் வரும். நண்பர்களிடம் காட்டிச் சிரிப்பேன்.

அக்காவின் வேலை தற்காலிகமானது. அதை நிரந்தரமாக்குமுன் பெட்டி எப்படி நடக்கிறது என்று மதிப்பிட வேண்டும் என்றார் செயலாளர். மதிப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் அவர் செய்தது இது: நோட்டைத் திறந்து, விடை இருந்த சீட்டுக்கு ஒரு மதிப்பெண், 'இல்லை' இருந்த சீட்டுக்குச் சுழி. விடை சரிதானா என்று பார்க்க ஒரு புத்தகத்தையும் அவர் புரட்டவில்லை. மாட்டுச் சீட்டுக்கும் சுழி. முயலுக்கும் சுழி. எனக்குத் தலையில் இரட்டைச் சுழி என்று வீட்டில் திட்டுவார்கள். அக்காவின் நோட்டில் விழுந்த சுழிகளில் பாதி அங்கிருந்து போனவை.

செயலாளரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். "சார், அதெல்லாம் நான் சும்மா போட்டது. அப்படி ஒரு மொயலே கெடையாது."

"இருக்கட்டும்பா. ஏதோ ஒரு வருசத்த எழுதிப் போட்டிருக்கலாமில்ல? கேட்டவன் சந்தோசமா போயிருப்பான்."

"கேட்டவன் நான்தான் சார்."

"அப்ப நீ சந்தோசமா போயிருப்ப."

அக்காவை நிறுத்திவிட்டார்கள். அந்த நாற்காலியில் செயலாளரின் மைத்துனர் வந்து உட்கார்ந்தார். அதே முயல் கேள்வியைப் போட்டேன். பத்து நிமிடத்தில் விடை வந்தது: 'பெருவெள்ளம் வந்த ஆண்டு, மலையின் தென்புறம்.' புத்தகம் இல்லை, பக்கம் இல்லை. ஒரு மதிப்பெண் உண்டு. அதைப் படித்தபோது வந்த அருவருப்பில் ஒரு பங்கு என்மீதே இருந்தது.

ஆர்.கே.பேட்டைக்கு பஸ் ஏறினேன். அக்கா வீட்டு விசைத்தறிச் சத்தத்தில் கத்தித்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

"உன் எழுத்து எனக்குத் தெரியாதாடா? எல்லாம் நீ போட்டதுன்னு மொத நாளே தெரியும்."

"அப்ப ஏங்கா கிழிச்சிப் போடல?"

"நீ கப்சா வுட்டாலும், நெஜமாவே எங்கனா இருந்துச்சுன்னா? மூணு நாளு தேடிகினு இருந்தேன். இருக்குன்னு சொல்ல ஒரு புக்கு போதும்டா. இல்லன்னு சொல்லத்தான் எல்லாத்தையும் பாக்கணும்."

திட்டியிருந்தால் தேவலை. சோறு போட்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று விரட்டிவிட்டார். அதன்பிறகு நான் போகவில்லை. போன வாரம் மஞ்சள்காமாலையில் போய்விட்டார்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த முயல் சீட்டு. பின்பக்கம் யாருடைய கல்யாணமோ. முன்பக்கம் 'இதுவரை இல்லை', கீழே ஏழு புத்தகங்கள். நண்பர்களிடம் காட்டிச் சிரித்தபோது நான் படிக்காத கடைசி வரி ஒன்று உண்டு: 'எட்டாவது, காட்டு விலங்குகள் புத்தகம், உறுப்பினர் ஒருவரிடம் இருக்கிறது. திரும்பி வந்ததும் பார்த்துச் சொல்கிறேன்.'

அந்த உறுப்பினர் நான்தான். புத்தகம் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. சுவரொட்டியைப் பார்த்த அன்றே அதை முதல் பக்கத்தில் தொடங்கி, நேற்று கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தேன். பிறகு சீட்டின் அடியில், அக்கா விட்டிருந்த இடத்தில், எட்டாவது புத்தகத்தின் பெயரை எழுதி, பக்கத்தில் 'இல்லை' என்று போட்டேன்.