பஸ் போகட்டும்

ராமகிருஷ்ண மடம் சாலையில் பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்த ராகவேந்திரன் வீட்டாரிடம் ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டே இருப்பார்கள், சட்டென்று நிறுத்துவார்கள். வாய் பாதி திறந்திருக்கும், நீட்டிய கை நீட்டியபடி நிற்கும். கீழே மந்தைவெளி பஸ் ஒன்று கியர் மாற்றி உறுமிக்கொண்டு போகும். அந்தச் சத்தம் தேய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். "கொத்த" என்று நின்ற வார்த்தை, பஸ் போன பிறகு "மல்லி வாங்கிண்டு வந்தேளா" என்று முடியும். கேட்கிறவரும் அதுவரை முகத்தை மாற்றாமல் காத்திருப்பார்.

ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம். குடிவந்த புதிதில் ராகவேந்திரனின் மனைவி நீரஜா பஸ்ஸோடு போட்டி போட்டுக்கொண்டு கத்திப் பார்த்தாள். தொண்டை கட்டிக்கொண்டது. டாக்டர் கொஞ்ச நாள் பேசவே கூடாது என்றார். பேசாமலிருந்த அந்த நாட்களில்தான், காத்திருந்து பேசினால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் வீட்டில் யாரும் கத்தியதில்லை.

அவர்களுடைய ஒரே பெண் ஹம்சா அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால், வெளியே லாரி போய் முடியட்டும் என்று நிற்பாள். டீச்சர் பதில் தெரியவில்லை என்று நினைத்து அடுத்த பெண்ணைக் கேட்டுவிடுவார். படிப்பு முடித்து ஆழ்வார்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். ஏ.சி. அறை, கண்ணாடிக் கதவு. முதல் நாள் ஒரு வாக்கியத்தை முழுதாக ஒரே மூச்சில் பேசி முடித்தபோது, தான் ஒரு வாயாடியோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தொண்ணூற்று நாலில் அடையாறிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை சுஹாஸ், கிண்டியில் பம்பு செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். அவனுடைய அப்பா சேஷகிரியிடம் ஒரு பழைய அம்பாஸடர் கார் இருந்தது. அதன் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினைப் பொருத்தியிருந்தார். செலவு குறைந்தது, சத்தம் கூடியது. ஒரு தடவை அணைத்துவிட்டால் மறுபடி கிளப்ப நாலு பேர் தள்ள வேண்டும் என்பதால், வெளியே எடுத்தால் திரும்பி வரும்வரை அணைப்பதில்லை.

"மாருதி வாங்கிடலாம்ப்பா" என்று சுஹாஸ் சொல்லிப் பார்ப்பான்.

"அது தகர டப்பாடா. வந்தா வந்த சுவடு தெரியாது, போனா போன சுவடு தெரியாது. வண்டின்னா வர்றது நாலு பேருக்குத் தெரியணும்" என்பார் சேஷகிரி. நாலு பேருக்கு இல்லை, நாலு தெருவுக்கே தெரிந்துகொண்டிருந்தது.

பெண் பார்க்க அந்தக் காரில்தான் வந்தார்கள். சுஹாஸ், அவன் அப்பா, அம்மா, ஓர் அத்தை. ஓட்டி வந்தவருக்குப் பெயர் சின்னப்பையன், வயது ஐம்பதுக்கு மேல். பஸ் நிறுத்தத்தில் காரை நிறுத்தப் போலீஸ்காரர் விடவில்லை. அணைத்து ஓரங்கட்டவும் வழியில்லை. ஆகவே சின்னப்பையன், கபாலீசுவரர் புறப்பாடு மாதிரி நான்கு மாட வீதிகளையும் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

மாடியில் கேசரியும் போண்டாவும் ஆயிற்று. பின்கட்டில் கொஞ்சம் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் விட்டார்கள். பின்கட்டில் சாலைச் சத்தம் குறைவு.

"எங்காத்துக் கார் இந்நேரம் மூணாவது சுத்து வந்துண்டிருக்கும்" என்றான் சுஹாஸ். "இன்னும் கொஞ்ச நாழியானா யாராவது கற்பூரம் காட்டிடுவா."

ஹம்சா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே அவளுக்குத் தீர்மானம் ஆகிவிட்டது. ஆனால் அதை அவனிடம் எப்படிச் சொல்வது? பெரியவர்கள் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசாமலிருந்தாள்.

சேஷகிரி கேட்கவும் செய்தார். பெண்ணின் விருப்பத்தைத் தரகர் மூலமாகப் பின்னால் கேட்டுக்கொள்வதுதான் வழக்கம். அவர் கொஞ்சம் புதுமையான மனிதர். சுஹாஸை பால்கனிக்கு அனுப்பி, காரைக் கொண்டுவரச் சொல்லிக் கைகாட்டச் சொன்னார். பிறகு ஹம்சாவின் பக்கம் திரும்பினார்.

"நான் சுத்தி வளைக்கலேம்மா. உனக்கு எங்க சுஹாஸைப் பிடிச்சிருக்கா? மனசுல இருக்கறதைச் சொல்லு."

ஹம்சா நிமிர்ந்து, "எனக்கு" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அம்பாஸடர் ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றது. நின்றுவிட்டால் இன்ஜின் அணைந்துவிடுமோ என்று சின்னப்பையன் ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து விட்டார். ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. பின்னால் வந்த லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. ஹம்சா வாய் பாதி திறந்தபடி நின்றாள். நீரஜா கையில் காபி டம்ளரோடு நின்றாள். ராகவேந்திரன் ஏதோ சொல்ல விரலைத் தூக்கியவர், தூக்கிய விரலோடு நின்றார். மூன்று பேரும் சத்தம் போகட்டும் என்று காத்தார்கள். வந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், கேள்வி கேட்டதும் ஒரு குடும்பமே சிலையாகிப்போனதுதான்.

பால்கனியிலிருந்து திரும்பி வந்த சுஹாஸின் முகம் மெல்லச் சிறுத்தது. ஹம்சா அதைப் பார்த்தாள். பஸ்ஸானால் போயிருக்கும். இந்தக் கார் போவதாக இல்லை.

கீழே போலீஸ்காரர் பானெட்டைத் தட்டினார். சேஷகிரி ஒரு கும்பிடு போட்டார். அவர் உதடு அசைந்ததிலிருந்து "அவசரமில்லேம்மா, பரவாயில்லே" என்கிற மாதிரி இருந்தது. நால்வரும் விறுவிறுவென்று படியிறங்கினார்கள். கார் கதவுகள் அறைந்து சாத்திக்கொண்டன. உறுமல் மந்தைவெளிப் பக்கமாகப் போய் ஒருவழியாக ஓய்ந்தது.

"பிடிச்சிருக்கு" என்றாள் ஹம்சா, கேசரித் தட்டுகளைப் பார்த்து.

நீரஜாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

சில நாள் கழித்துத் தரகர் கபாலி வந்தார். "பொண்ணுக்கு இஷ்டமில்லேன்னு அவாளே புரிஞ்சுண்டுட்டா. நாசூக்கான மனுஷா, ஒரு வார்த்தை குறையாச் சொல்லலே."

"இஷ்டம்தான் ஓய்" என்றார் ராகவேந்திரன்.

"அப்புறம் ஏன் கொலு பொம்மையாட்டம் நின்னேளாம்?"

"கார் சத்தம்."

"யார் கார்?"

"அவா காரேதான்."

கபாலி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதை நான் எப்படிப் போய்ச் சொல்றது? சேஷகிரியைத் திட்டினாக்கூடப் பொறுத்துப்பார். காரைச் சொன்னா அந்த ஆத்து வாசல்படியை நான் மறுபடி மிதிக்க முடியாது. போகட்டும் விடும். தியாகராய நகர்ல வேற ஒரு பொண்ணைப் பார்க்க ஞாயித்துக்கிழமை போறா."

ராகவேந்திரனுக்கும் கௌரவம் குறுக்கே நின்றது. பெண் வீட்டார் தாமாகப் போய்ப் பல்லைக் காட்டுவதா என்று இரண்டு நாள் கூடத்தில் உலாத்தினார். தரகர் கொடுத்திருந்த சுஹாஸின் ஆபீஸ் நம்பர் ஜாதகத்தோடு சுவாமி அலமாரியில் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹம்சா அரை நாள் லீவு போட்டுவிட்டு, அதை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்பினாள்.

லஸ் முனையில் தாயம்மா என்றொருத்தி டெலிபோன் பூத் வைத்திருந்தாள். கதவு மூடாத கண்ணாடிக் கூண்டு, எதிரே பஸ் நிறுத்தம். இதைவிட மோசமான இடத்தை ஹம்சா தேர்ந்தெடுத்திருக்க முடியாது. ஆனால் வேறு பூத்தைத் தேடிப் போனால் தைரியம் போய்விடும் என்று பயந்தாள்.

"ஹலோ, சுஹாஸ் பேசறேன்."

"நான் மயிலாப்பூர் ஹம்சா. அன்னிக்கு" என்றாள். பஸ் வந்தது. நிறுத்திவிட்டாள். அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்று கேட்டது. பிறகு லைன் அறுந்தது.

மறுபடி சுற்றினாள். "ஹம்சாதான். நான் சொல்ல வந்தது" என்பதற்குள் தண்ணீர் லாரி. மறுபடி ஹலோ, மறுபடி அறுந்தது.

தாயம்மா ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இன்னாம்மா நீ, போன் போட்டுப் போட்டு சும்மா நின்னுக்கினு கீறே? மீட்டர் ஓடிக்கினு கீது. எதுனா பேசு."

"பஸ் போகட்டும்."

"லஸ்ல பஸ் போறது நிக்கணும்னா உனக்குக் கண்ணாலமே ஆவாது."

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஹம்சா திடுக்கிட்டாள். அப்புறம், தன் முகத்தைப் பார்த்தால் யாருக்குமே தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை எண்ணைச் சுற்றினாள்.

"வைக்காதீங்கோ" என்றாள் எடுத்த எடுப்பில். "எனக்கு" என்றாள். இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

இந்த முறை அந்தப் பக்கம் ஹலோ கேட்கவில்லை. லைனும் அறுந்துபோகவில்லை. பஸ்கள் போய்ச் சேர்ந்தன.

"பஸ் போயாச்சா?" என்றான் சுஹாஸ்.

"போயாச்சு."

"அன்னிக்கும் இதானா?"

"அன்னிக்கு பஸ் இல்லே. உங்க கார்."

அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது. பின்கட்டில் கேட்ட அதே சிரிப்பு.

"சரி, சொல்லுங்கோ. எனக்கு, அப்புறம்?"

"பிடிச்சிருக்கு."

"எனக்கும்தான்" என்றான் அவன். தாயம்மா திரும்பிப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, ஒன்றும் கேளாதவள் போல ரசீதைக் கிழித்தாள்.

சுஹாஸ் வீட்டுக்குப் போய் விஷயத்தைப் பாதி சொன்னான். மயிலாப்பூரில் பஸ் சத்தத்தில் பெண் பேச முடியாமல் நின்றுவிட்டாள் என்றான். காரைப் பற்றி மூச்சு விடவில்லை. சேஷகிரிக்கு ஏகச் சந்தோஷம். "அதானே பார்த்தேன். பஸ்ஸா ஓட்டறான், கட்டடத்தையே இடிக்கிறான்" என்று பஸ்ஸைத் திட்டிவிட்டு, தியாகராய நகருக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பினார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

அடையாறில் வீடு ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. நாள் முழுக்க அணில் சத்தம்தான். ஆனால் காலையில் சேஷகிரி சின்னப்பையனை வைத்துக் காரைக் கிளப்பிச் சூடேற்றுகிற நேரத்தில் ஹம்சா தன்னை அறியாமல் பேச்சை நிறுத்திவிடுவாள். கொஞ்ச நாளில் சுஹாஸும் நிறுத்தப் பழகினான். பிறகு மாமியாரும். சேஷகிரி காரை உறுமவிட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பார். எல்லாரும் கப்சிப்பென்று இருப்பார்கள்.

ஒருநாள் அவர் தாங்க மாட்டாமல் கேட்டார். "நான் தலையைக் காட்டினதும் எல்லாரும் பேச்சை நிறுத்தறேளே. என்னைப் பத்தி என்ன பேசிண்டிருக்கேள்?"

சுஹாஸ் கூரையைப் பார்த்தான். மாமியார் அடுப்பைப் பார்த்தாள். ஹம்சா வாசலுக்குப் போய், சின்னப்பையனிடம் காரை அணைக்கச் சொன்னாள்.

"அணைச்சா ஸ்டார்ட் ஆவாதும்மா. ஐயா கோச்சுக்குவாரு" என்றார் சின்னப்பையன்.

"பரவாயில்லே, நானும் தள்றேன்."

கார் ஓய்ந்தது. ஹம்சா திரும்பி வந்தாள். "உங்களைப் பத்திப் பேசலேப்பா. இந்தச் சத்தத்துல பேச முடியலே, அவ்வளவுதான்."

சேஷகிரி அவளையே பார்த்தார். ஏதோ கணக்கு ஒன்று அவருக்குள் நேராவது முகத்தில் தெரிந்தது. "அப்போ அன்னிக்கு உங்காத்துல..."

"ஆமாம்ப்பா."

"பஸ் இல்லையா?"

"இல்லே."

அவர் வாசலுக்குப் போய்க் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். திரும்பி வந்து, "நல்ல வேளை, நீ போன் பண்ணினே" என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதமே அம்பாஸடரைச் சின்னப்பையனுக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளை மாருதி ஒன்றுக்குப் பதிவு செய்தார்.

மாருதி வந்த பிறகு வேறு கூத்து. இன்ஜின் ஓடுகிறதா என்று சேஷகிரிக்குக் காதில் விழவில்லை. ஓடுகிற வண்டிக்கு மறுபடி சாவியைத் திருகுவார். அது பல்லைக் கடித்தாற்போல் கர்ரென்று கத்தும். தெருவே திரும்பிப் பார்க்கும். இது சரிப்படாது என்று, பின்னால் எடுக்கும்போது பாட்டுப் பாடுகிற ஒரு ஹாரனை வாங்கி மாட்டிவிட்டார். நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்கிற கொள்கையை அவர் முழுக்க விட்டுவிடவில்லை.

இப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. அம்பாஸடர் மந்தைவெளியில் சின்னப்பையனிடம் இருக்கிறது, கல்யாணச் சவாரிகளுக்குப் போகிறது. ராகவேந்திரனும் நீரஜாவும் பாத்திரக் கடை மாடியிலேயே இருக்கிறார்கள். பாலவாக்கத்தில் அமைதியான வீடு பார்த்துத் தருகிறேன் என்று மாப்பிள்ளை சொன்னதற்கு, அங்கே தூக்கம் வராது என்று சொல்லிவிட்டார்கள். ஹம்சா ஆழ்வார்பேட்டை வேலைக்குப் போய் வருகிறாள். அவள் பெண் ஸஹானாவுக்கு மூன்று வயது ஆகிறது. தாத்தா காரைப் பின்னால் எடுக்கும்போது பாட்டு முடியும்வரை அந்தக் குழந்தை வாயைத் திறப்பதில்லை.