இலைக்கட்டு போன வழியே

யோசனை பிறந்த இடம் பெரிய மார்க்கெட். நேரம் காலை ஆறரை. இரண்டு வாழைப்பழத்தை நின்றபடியே தின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு அதுதான் டிபன். எதிரே இலைக்காரர் ஒருவர் தன் சைக்கிள் கேரியரில் வாழை இலைக்கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கட்டை மட்டும் பிரித்து, ஓரம் கிழிந்த இலைகளை உருவிப் போட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார்:

“இது மெஸ்ஸுக்குப் போறதுப்பா. கிழிஞ்சது ஒண்ணு கண்ணுல பட்டாலும் அந்தம்மா கட்டோட திருப்பி அனுப்பிடும். அந்த முக்கு ஓட்டல்காரரு தேவல, எதக் குடுத்தாலும் வாங்கிக்குவாரு.”

வாயில் பழத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். கிழிந்த இலையை வாங்காத கை, ஊசிப்போன சாம்பாரை ஊற்றுமா? மூன்று வாரமாக ஊரில் நல்ல சாப்பாடு எங்கே என்று மனிதர்களைக் கேட்டு அலைந்தேனே! கேட்டிருக்க வேண்டியது இந்த சைக்கிளை அல்லவா?

எனக்கு அவசரம் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. துறையூரிலிருந்து புதுச்சேரிக்கு அரசாங்க அலுவலக வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறை. கூட இருந்தவள் விழுப்புரம் பக்கத்து நர்ஸ். அறையில் ஸ்டவ் பற்றவைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் சட்டம். அவளுக்கு ஆஸ்பத்திரி கேண்டீன் இருந்தது. எனக்கு ரொட்டியும் பழமும். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் கழுத்தெலும்பைப் பார்த்து அம்மா அழுதாள். அப்பா அழவில்லை. அதுதான் ஆபத்து.

“அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வர்றேன். நீ எங்க சாப்பிடுறியோ அங்கயே நானும் சாப்பிட்டுப் பாக்குறேன். சரியில்லைன்னா வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், கையோட கூட்டிட்டு வந்துருவேன்” என்றார்.

சொன்னால் செய்கிற மனுஷர். எனக்கோ புதுச்சேரியை விட்டுப் போக மனசே இல்லை. என் பெயரில் ஒரு சம்பளம், என் இடுப்பில் ஒரு சாவி, தெருவின் கோடியில் கடல்! இதையெல்லாம் ஒரு கெட்ட சாம்பாருக்காகவா விட்டுக்கொடுப்பது?

அதற்குள் ஓட்டல்களை முயலாமல் இல்லை. தனியாக ஒரு பெண் உள்ளே நுழைந்தால் சர்வர் பதறிப்போய்த் திரை போட்ட ஃபேமிலி ரூமுக்குள் தள்ளிவிடுவார். காற்றாடி சுற்றாது. உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்பதே அப்புறம் யாருக்கும் நினைவிருக்காது. ஒருமுறை திரைக்கு வெளியே கையை நீட்டி ஆட்டி ஆட்டித்தான் ரசம் வாங்கினேன். அது ரசமும் இல்லை, வெந்நீர்.

ஆகவே, மறுநாளே மணிக்கணக்கு வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்தேன். இலைக்காரரின் பின்னால் பத்தடி தள்ளி மிதித்தேன். இரண்டாம் நாள் அவர் காலை ஊன்றித் திரும்பினார்.

“இன்னாம்மா, நேத்திலேர்ந்து பாக்குறேன், பின்னாடியே வர்ற? இலை வேணுமா?”

“இலை வேண்டாம்ணே. அதுல யாரு நல்லா பரிமாறுறாங்கன்னு தெரியணும்.”

ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பி.ஏ. படிச்சியா?”

“ஆமா.”

“அதான்” என்று சொல்லிவிட்டு மிதிக்க ஆரம்பித்தார். ஆனால் அதற்குப் பிறகு திருப்பங்களில் கையைக் காட்டத் தொடங்கினார்.

அந்த மெஸ்ஸைக் கண்டுபிடித்தேன். போர்டே கிடையாது, சாதாரண வீடு. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கத்தரிக்காய்க் காரக்குழம்புக்கு நாலு முறை சோறு வாங்கினேன். துள்ளிக் குதித்துக்கொண்டு அறைக்கு வந்தால், நர்ஸ் ஊசியைச் சொருகினாள்: “அந்த மெஸ் ஞாயித்துக்கெழம லீவுடீ. உங்கப்பா எந்தக் கெழம வர்றாரு?”

ஞாயிற்றுக்கிழமை இலை எங்கே போகிறது? அடுத்த ஞாயிறே கிளம்பினேன். அன்று கட்டு வழக்கத்தைவிடப் பெரிது. எல்லாம் நுனி இலை, ஒன்றில்கூடக் கீறல் இல்லை. நெல்லித்தோப்பில் ஒரு சந்துக்குள் திரும்பி, ஒரு வீட்டின் பின்கட்டில் கட்டை இறக்கிவிட்டு இலைக்காரர் போய்விட்டார். நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பார்த்தேன். போர்டு இல்லை. வாசலில் முப்பது ஜோடி செருப்பாவது இருக்கும். பெருங்காய வாசனை சந்து முனைவரைக்கும் வந்தது. போன வாரம் கற்ற பாடத்தின்படி இது மெஸ்ஸேதான்!

பின்கட்டு வழியாகவே உள்ளே போனால் பந்திப்பாயில் வரிசையாகப் பெண்கள். பெண்கள் மட்டும். திரை இல்லை, கேபின் இல்லை, ஓர் ஆண் தலைகூட இல்லை. பெண்களுக்கென்றே தனி மெஸ்! என்ன ஊர் இது, என்ன ஊர் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஓர் அம்மாள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “வாம்மா, ஏன் நிக்கிற, குந்து.” சர்க்கரைப் பொங்கல் விழுந்தது. அப்புறம் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, வடை, வடகம், கடைசியில் மாதுளை முத்து போட்ட தயிர்ச்சோறு. புளிச்சோற்றில் வறுத்த எள்ளின் மணம். நான் பேசவே இல்லை. பேசினால் அந்த நேரத்துக்கு ஒரு கவளம் நஷ்டம்.

கை கழுவிவிட்டு முன்பக்கமாக வந்தேன். வாசல் நடையில் ஓர் அம்மாள் பெரிய தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தார். கல்லா இதுதான் என்று நினைத்து, ஐந்து ரூபாய் நோட்டோடு கையை நீட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என் கையைப் பற்றி, விரல்களைக் குவித்து, நாலு கண்ணாடி வளையலை நோட்டோடு சேர்த்து ஏற்றிவிட்டார்.

“அடுத்த கையக் குடு.”

அப்போதுதான் கூடத்தைப் பார்த்தேன். நடுவில் நாற்காலி. அதில் கன்னமெல்லாம் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல் அடுக்கி, நிறைமாத வயிற்றோடு ஒரு பெண். வளைகாப்பு!

“இன்னாத்துக்கு நோட்டு?” என்று வளையல்கார அம்மாள் இப்போது நிமிர்ந்தார். “நீ எந்த ஊட்டுப் பொண்ணு? மாப்பிள்ள ஊடா?”

“எங்க ஆளு இல்லியே” என்றது கூடத்திலிருந்து ஒரு குரல். “நீங்க கூட்டியாந்த பொண்ணுன்னு இல்ல நெனைச்சோம்!”

“நான்... இது மெஸ்ஸுன்னு...” என்றேன்.

நாற்காலியில் இருந்த பெண்தான் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வளையலெல்லாம் குலுங்க, “ஐயோ, மெஸ்ஸாம்மா, மெஸ்ஸாம்!” என்று சிரித்தாள். கூடமே சிரித்தது. “ஏம்மா, சாப்பாடு எப்பிடி? நாளைக்கும் வருவியா?” என்று ஒருத்தி. “டோக்கன் குடுங்கடீ” என்று இன்னொருத்தி. செருப்பைத் தேடிக் கும்பிட்டு ஓடப் பார்த்தவளை இழுத்து உட்கார வைத்து, அடுத்த கைக்கும் வளையல் போட்டு, வெற்றிலை பாக்கும் கொடுத்துத்தான் விட்டார்கள்.

விஷயம் பின்கட்டுக்கும் போயிருந்தது. சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். இனிமேல் போக மானம் ஏது? கேட்டேவிட்டேன். “அண்ணே, இந்தப் புளிச்சோறு எந்த ஓட்டல்ல கிடைக்கும்?”

“நான் விசேஷத்துக்குத்தான் சமைப்பேன். ஓட்டலெல்லாம் கெடையாது” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். “ஆனா எனக்கே கத்துக் குடுத்தது எங்க ஊட்டுக்காரம்மாதான். காத்தால இட்லி சுடுது, எட்டு மணி வரைக்கும். ஞாயிறும் உண்டு. முத்தியால்பேட்டையில.” தெருவைச் சொன்னார்.

என் அறையிலிருந்து இரண்டாவது தெரு! நாலு மாதமாக அந்த வீட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். “ஊரெல்லாம் சுத்தின, வாசல்ல கெடந்தத தாண்டிட்டுப் போன” என்று நர்ஸ் ஒரு வாரம் ஓட்டினாள். அந்த ஒரு வாரமும் அவளும் கேண்டீன் பக்கம் போகவில்லை.

கடைசி ஞாயிறு. அப்பா விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கக்கத்தில் மடித்த ஒரு பெரிய கான்வாஸ் பை. வெறும் பை. என் சாமான்களுக்கு.

ஆறேகால் மணிக்கு அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். அப்பா பையை மடிமேல் வைத்துக்கொண்டார். இட்லி வந்தது. விண்டார். துவையலில் தொட்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறாவது இட்லியில் பையை எடுத்துத் தரையில் வைத்தார். எட்டாவதில், “இந்தத் தொவையல்ல என்னம்மா போட்டிருக்கீங்க?” என்று இட்லிக்காரம்மாவைக் கேட்டார்.

“அதெல்லாம் சொல்லமாட்டாங்கப்பா. நீங்க இன்னும் ரெண்டு வைங்கம்மா” என்றேன் நான், ஏதோ என் சொந்தக் கடைபோல.

கை கழுவி வந்ததும் தீர்ப்பைச் சொன்னார். “காலைக்குச் சரி. மத்தியானத்துக்கு? இன்னைக்கு மெஸ் லீவுன்னு காலைல உன் ரூம்ல அந்த நர்ஸுப் பொண்ணு சொல்லிச்சே.”

அந்த நேரம் பார்த்துத் தெருவில் மணியடித்துக்கொண்டு இலைக்காரர் போனார். கேரியரில் மலைபோல நுனி இலை.

“இன்னாம்மா, வரலியா? நெல்லித்தோப்புல நிச்சயதார்த்தம்!” என்று கத்தினார். “இந்தம்மா ஊட்டுக்காரருதான் சமையல்!”

இட்லிக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “போங்க, போங்க. பின்பக்கமா போயி நான் அனுப்பிச்சேன்னு சொல்லுங்க.”

அப்பா என் கை வளையலைப் பார்த்தார். அந்தக் கதையை இட்லிக்கு நடுவே சொல்லியிருந்தேன். தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்த இலைக்கட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து பையை எடுத்து உதறி விரித்தார்.

“வெறுங்கையோட போறதா? வழியில வெத்தல, பாக்கு, ரெண்டு சீப்புப் பழம் வாங்கி இதுல போடு.”

வாங்கினோம். வாடகைக்கு இரண்டு சைக்கிளும் எடுத்தோம். நெல்லித்தோப்புப் பக்கம் மிதிக்கையில் அப்பாவுக்கு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனேன்: “யாரு கேட்டாலும் நீங்க மாப்பிள்ளை வீடு, நான் பொண்ணு வீடு. மாத்திச் சொல்லிடாதீங்கப்பா.”