சபையில் எழுந்த மணிமுத்து

மைக் பிடித்தவர் யாரைக் கண்டாலும் மணிமுத்துவுக்குத் தூக்கம் வரும். அன்றைக்கு வரவில்லை. காலையில் அழுதபடி கேட்டைத் தாண்டிப் போன இருளம்மாளின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

வெம்பக்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பட்டாசு ஆலைக்கு மணிமுத்துதான் மேனேஜர். இருளம்மாள் அங்கே திரி வைக்கிறவள். மகள் பிரசவத்துக்காக விருதுநகர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தகவல் வந்தால் தெரிய வேண்டுமே என்று சாப்பாட்டுப் பைக்குள் செல்போனை ஒளித்துக் கொண்டுவந்துவிட்டாள். பாவம், பெற்ற வயிறு கேட்குமா? ஆனால் மருந்து புழங்கும் இடத்துக்குள் போன் வரவே கூடாது. மீறினால் தீபாவளி சீசன் முடியும்வரை வேலை கிடையாது. இளைய முதலாளி ராம்குமார் வைத்த சட்டம் அது.

“நான் முதலாளிகிட்டப் பேசுறேன், போங்க” என்று சொல்லி அனுப்பிய மணிமுத்து, பேசவே இல்லை.

மத்தியானம் ஊழியர்களுக்கு வகுப்பு. இதிகாசம் சொல்லும் நிர்வாகப் பாடம் என்று சென்னையிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்து வந்திருந்தார் ராம்குமார். வகுப்புக்கு முன்னால் அவரை ஆலைக்குள் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினார். வெடிகள் காயும் மேடையருகே இருவரும் தோளோடு தோள் சேர்ந்து நிற்க, ராம்குமார் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். மணிமுத்து பார்த்துவிட்டார்.

“சூதாட்ட சபையில் குற்றவாளி யார்?” என்று கேட்டார் பேச்சாளர்.

“சகுனி!” என்றார் லோடு ஏற்றுகிறவர். “எங்க மச்சான மாதிரி!”

சிரிப்பு அடங்கியதும் பேச்சாளர் தொடர்ந்தார். “பாஞ்சாலி கேட்டது ஒரே கேள்வி. தன்னையே தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? பதில் தெரிந்த பெரியவர்கள் எல்லாரும் வாய் மூடி உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் பெரிய குற்றம்.”

பெரிய முதலாளி சண்முகவேல் இருந்த காலம் மணிமுத்துவின் நினைவில் வந்து மோதியது. ஆயுத பூஜையன்று பொரி கொடுக்கும் முன்னால் அவர் ஆட்கள் நடுவில் வந்து நிற்பார். “எம்மேல என்னலே குறை? சொல்லுங்க” என்பார். ஒரு வருடம் ஒரு பெண் தண்ணீர்த் தொட்டியில் பாசி என்று சத்தம் போட்டாள். அன்று சாயங்காலமே வேட்டியை மடித்துக்கட்டித் தானே தொட்டிக்குள் இறங்கினார் அந்த மகராசன். அவர் போனதோடு அந்த வழக்கமும் போயிற்று. எங்கே போனது அந்தக் காலம்!

மணிமுத்து எழுந்தார். ராம்குமாரைப் பார்த்தார். இந்த வயதில் வேலை போனால் யார் சேர்த்துக்கொள்வார்கள்?

“தம்பி, காலைல இருளம்மாள வெளிய அனுப்புனோம். மத்தியானம் வெடி காயுற மேடைகிட்ட நீங்க போன வச்சு போட்டோ எடுத்தீக. அவுகள வெளிய நிறுத்த நமக்கு என்ன உரிமை இருக்கு?”

பேச்சாளர் தன் கையிலிருந்த போனை மெல்லச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“அது வந்து அண்ணாச்சி, விருந்தாளி வந்திருக்காகன்னு...” என்று தொடங்கிய ராம்குமாரால் முடிக்க இயலவில்லை. முகம் சிவந்து, பிறகு தணிந்தது. “என் தப்புதான். ஒரு வாரம் நான் கேட்டுக்குள்ள வரமாட்டேன். இருளம்மாளுக்குச் சீசன் முழுக்கன்னு சொன்னது வேண்டாம். அவுகள நாளைக்கே வரச் சொல்லுங்க.”

சாயங்காலம் ஆபீஸ் போனிலிருந்து மணிமுத்து அழைத்தபோது, மறுமுனையில் பச்சைக் குழந்தையின் அழுகை கேட்டது.

“பேத்தி மேனேஜரய்யா! தொண்டையப் பாத்தீகளா!” என்றாள் இருளம்மாள். நடந்ததையெல்லாம் அவர் சொல்லி முடித்தார்.

“முதலாளி எம்புட்டு நாளு வெளிய?”

“ஒரு வாரம்.”

“நானும் போன உள்ள கொண்டு வந்தவதான? அப்ப எனக்கும் ஒரு வாரம். அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? முடிஞ்சதும் வாரேன்னு சொல்லுங்க.”

ரிசீவரை வைத்த மணிமுத்து, துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.