சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர்

வியாபார வழக்கு நடத்தும் வக்கீலிடம் வருகிற யாரும் தனக்கு என்ன நோய் என்று சொல்வதில்லை. எதிராளிக்கு எங்கே ஊசி போட வேண்டும் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்வார்கள். என்னைப் போல இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் ஒரு பாகஸ்தர் சண்டையையாவது சொந்தத்திலோ பக்கத்து வீட்டிலோ பார்த்திருப்பீர்கள். ஆகவே நீங்களும் நம்ம கட்சிதான்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. கணவருக்கு இங்கே ஃபேக்டரி வேலை என்பதால் ஓசூருக்கு வந்து, இங்கேயே போர்டு மாட்டினேன். என் கட்சிக்காரர்கள் வீட்டில் தெலுங்கு, டிரைவரிடம் கன்னடம், என்னிடம் தமிழ், கம்பெனி மேனேஜரிடம் இங்கிலீஷ் பேசுவார்கள். எதிராளியைத் தமிழிலோ இங்கிலீஷிலோ திட்டினால் அந்த கேஸ் சீக்கிரம் சமாதானமாகிவிடும். தெலுங்குக்கு மாறினால், பெரிய ஃபைலாக எடுத்து வையுங்கள் என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிடுவேன். போன மாம்பழ சீசனுக்கு முன்னால் கோவிந்தராஜ் என் ஆபீஸில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் தெலுங்கில்தான் ஆரம்பித்தார். கீழே இருப்பதெல்லாம் அந்த ஒரு கேஸில் நான் பட்டது.

கயிறு பிடித்தது

கோவிந்தராஜும் திம்மராயனும் சகலைகள். அக்கா சரோஜாவைக் கட்டியவர் இவர், தங்கை மஞ்சுளாவைக் கட்டியவர் அவர். குருபரப்பள்ளியைத் தாண்டி ஹைவேயை ஒட்டி இருவரும் சேர்ந்து ஒரு மாங்கூழ் ஆலை நடத்திவந்தார்கள். ஆயுத பூஜையன்று ஆலை வாசலில் பூசணிக்காய் உடைப்பது ஒரு வருஷம் இவர், ஒரு வருஷம் அவர். அந்த சீசனுக்கு முந்தின ஆயுத பூஜைக்கு யார் முறை என்பதில் தகராறு வந்தது. சிரிக்காதீர்கள். இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் நான் ஹைகோர்ட் வரை போயிருக்கிறேன்.

பிரிவது என்று முடிவானதும் அவர்கள் எந்த வக்கீலிடமும் போகவில்லை. இரண்டு வீட்டுப் பெரிய மனுஷர்களும் வந்து, காட்டைப் பங்கு போடுகிற மாதிரியே கேட்டிலிருந்து பின்சுவர் வரை கயிறு பிடித்து, ஆலையை நேர் பாதியாகப் பிரித்துவிட்டார்கள். நடுவில் ஹாலோ பிளாக் சுவர் எழும்பியது. திம்மராயனுக்கு வந்த வடக்குப் பாதியில் பாய்லர் இருந்தது. கோவிந்தராஜுக்கு வந்த தெற்குப் பாதியில் பழம் கழுவுகிற தொட்டி, கூழ் பிழிகிற மிஷின், டின் அடைக்கிற மிஷின் எல்லாம் இருந்தன. ஆவி வருகிற குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு தெற்கே வந்தது. அதைத் திறந்து மூடுகிற வால்வு வடக்கே நின்றுவிட்டது. வரப்பு யாருக்கு, வாய்க்கால் யாருக்கு என்று நிலத்துக்கு மறக்காமல் பேசுகிறவர்கள், ஆவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சீசன் நெருங்கியதும் திம்மராயன் வால்வை இறுக்க மூடிவிட்டார். சுவர் எழுப்பும்போது இது தோன்றவில்லையா என்று கேட்டேன். கோவிந்தராஜ் நிதானமாகச் சொன்னார்:

"குழா பாதிக்கு மேல என் பக்கம்தான் இருக்குதுங்க மேடம். ஆவி மட்டும்தான் அவன் பக்கத்துல இருந்து வரணும்."

இடம் பார்க்க வந்தவர்

இதில் கோவிந்தராஜுக்கு என்ன நஷ்டம் என்பது எனக்கு ஒரு நாள் நேரில் போனபோதுதான் முழுசாகப் புரிந்தது. மாங்கூழ் ஆலைக்கு வருஷத்தில் வேலை நடப்பது அந்தச் சில வாரங்கள்தான். பாரூர்ப் பக்கத்து விவசாயிகள் இவர் வாங்கிக்கொள்வார் என்று நம்பிக் காயை மரத்திலேயே விட்டு வைத்திருந்தார்கள். ஒரு சீசன் ஏமாந்தால் அடுத்த வருஷம் வேறு ஆலைக்குப் போய்விடுவார்கள், பிறகு திரும்ப மாட்டார்கள். கூழைக் காய்ச்ச ஆவி இல்லாமல் வெறும் மிஷினை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? இந்த சீசன் ஓடாவிட்டால் ஆலையை விற்றுவிட்டு, வேறு யாரிடமாவது சூப்பர்வைசராகப் போக வேண்டியதுதான் என்றார். ஐம்பதைத் தாண்டிய மனுஷர் அப்படிப் பேசியது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

விற்றால் வாங்குவதற்கு ஆளும் தயாராக இருந்தார். நான் போன அன்றே பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து, கோடவுன் கட்டத் தோதான இடமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கோவிந்தராஜிடம் கன்னடத்திலும் என்னிடம் தமிழிலும் மிகவும் மரியாதையாகப் பேசினார். கொப்பரை வேண்டாம், தொட்டி வேண்டாம், மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தவர், நடுச்சுவர் அருகே நின்று அதைத் தட்டிப் பார்த்தார்:

"இது மட்டும் இருக்கட்டும் மேடம், ஒள்ளே வேலை, நல்லா கட்டியிருக்காங்க."

ரகசியம்

திம்மராயனின் வக்கீல் நாகராஜ் சார் என்னைவிட மூத்தவர், நல்ல மனுஷர், ஓசூர் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் தினமும் பார்க்கிறவர். வால்வைத் திறக்கச் சொல்லி நான் ஒரு நோட்டீஸ் தயார் செய்தேன். கையெழுத்துக்கூடப் போடவில்லை. மறுநாள் காலை அவர் டீயை ஆற்றிக்கொண்டே, உங்கள் நோட்டீஸில் மூன்றாவது பாராவில் கொஞ்சம் காரம் அதிகம், குறைத்துவிடுங்கள் என்றார்.

விசாரித்தால் விஷயம் சாதாரணம். சகலைகள்தான் பேசுவதில்லை. அக்காவும் தங்கையும் தினமும் காலையில் காய் நறுக்கும்போது போனில் பேசிக்கொள்கிறார்கள். புருஷன்மார் வழக்கு அவர்களுக்கு டிவி சீரியல் மாதிரி ஆகிவிட்டது. நேற்று நடந்ததை இவர் சொல்ல, நாளை நடக்கப்போவதை அவர் சொல்ல, இரண்டு ஃபைலும் இரண்டு வீட்டிலும் மனப்பாடம். அதோடு, நான் வாதத்துக்காக ஒளித்து வைத்திருந்த ஒரே நல்ல பாயிண்ட்டும் போய்விட்டது. நான் கோவிந்தராஜைக் கூப்பிட்டு, இனிமேல் கேஸ் சமாச்சாரம் எதையும் வீட்டில் சொல்லக் கூடாது என்று கண்டித்துச் சொன்னேன். அவர் என்னை உண்மையான அனுதாபத்தோடு பார்த்தார்:

"வீட்டுல சொல்லாம கேஸ் நடத்துனா, சோத்த எங்கங்க மேடம் திங்கறது?"

மே மாதம்

நம் சிவில் கோர்ட்டுகளுக்கு மே மாதம் லீவு. நம் மாமரங்களுக்கு அப்போதுதான் வேலை. கிருஷ்ணகிரி ஜில்லாவில் வக்கீலாக இருப்பவர்களுக்கு மட்டுமே புரிகிற வேதனை இது. லீவில் அவசர வழக்குகளைக் கேட்க ஒரு நீதிபதி இருப்பார், ஆனால் நம் கேஸ் அவசரம்தான் என்று முதலில் அவரை நம்பவைக்க வேண்டும்.

அதற்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று பாரூரிலிருந்து விவசாயி சின்னசாமியை வரச் சொல்லியிருந்தேன். அவர் ஒரு பெங்களூரா ரக மாங்காயை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்து, என் மேஜைமேல் சட்டப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். காய் நாளைக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது, அதுதான் அவருடைய சாட்சியம். நான் கோர்ட் லீவு, வெகேஷன் கோர்ட், அவசர மனு எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு யோசனை சொன்னார்:

"ஜட்ஜய்யாவ அடுத்த வருசம் ஆவணியில லீவு எடுத்துக்கச் சொல்லுங்க மேடம். அப்ப எங்க மரத்துல ஒண்ணும் இருக்காது."

சோதனைக்கு விட்ட ஆவி

கிருஷ்ணகிரி கோர்ட்டில் வெகேஷன் நீதிபதி மனுவை எடுத்துக்கொண்டார். ஆனால் உடனே உத்தரவு போடவில்லை. சேலத்து வக்கீல் ஒருவரைக் கமிஷனராகப் போட்டு, ஆலைக்கு நேரில் போய், ஆவி விட்டுப் பார்த்து, குழாய் வேலை செய்கிறதா என்று அறிக்கை கொடுக்கச் சொன்னார். அன்றைக்கு மட்டும் பாய்லரை மூட்ட வேண்டியது திம்மராயன் பொறுப்பு. கமிஷனர் கறாரான ஆள். சுவருக்கு இரண்டு பக்கமும் அவருக்கு விருந்துச் சாப்பாடு தயாராக இருந்தது. ஒரு பக்கம் கை நனைத்தால் மறுபக்கம் ஆட்சேபணை வரும் என்று இரண்டையும் மறுத்துவிட்டு, காரில் உட்கார்ந்து தான் கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டார். கோழிக்குழம்பு வாசனை காருக்குள்ளும் போயிருக்கும், பாவம்.

பிறகு தெற்குப் பக்கம் வந்து குழாயைப் பார்த்தபடி நின்று, திறக்கலாம் என்றார். திம்மராயன் அந்தப் பக்கம் வால்வைத் திறந்தார். குழாய் நாலு முறை இருமி, துருத் தண்ணீரைத் துப்பிவிட்டுச் சீறியது. அழுத்தம் காட்டுகிற முள் மேலே ஏறியது. சுவரோரம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆலைப் பெண்கள், யாரும் எதுவும் சொல்லாமலே, கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டார்கள். முள் ஏறினால் பழத்தைக் கொட்ட வேண்டும், அது அவர்கள் கைக்கு ஊறிப்போன பழக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் மிஷின் ஓடி, தோலும் கொட்டையும் ஒரு பக்கம் விழுந்து, பெரிய கொப்பரையில் கூழ் சூடாக ஆரம்பித்துவிட்டது.

சோதனைக்கு இவ்வளவு பழம் எதற்கு என்று கமிஷனர் என்னைக் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். காயை இறக்கி வைக்கோல் போட்டு மூடினால் பழுக்கச் சில நாளாகும். அப்படியென்றால் யாரோ முன்கூட்டியே செய்திருக்கிறார்கள். இன்ன தேதியில் பாய்லர் மூட்டுகிறார்கள் என்று மஞ்சுளாம்மா போனில் சொல்ல, சரோஜாம்மா சின்னசாமியிடம் சொல்லி, அவர் தோட்டத்திலேயே பழுக்க வைத்து, அன்று காலை லோடு இறக்க வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அதுவரை என் கட்சிக்காரருக்கே தெரியாது. அப்போதைக்கு நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தகுந்த சூழலில் சோதிப்பதற்காக என்று சொல்லி வைத்தேன்.

கமிஷனர் குறிப்பெழுதி முடித்து, சோதனை ஆயிற்று, வால்வை மூடலாம் என்றார். குழாய் சீறிக்கொண்டேதான் இருந்தது. கூழைப் பாதிச் சூட்டில் விட்டால் கெட்டுப்போகும். டின்னில் அடைத்து வேகவைத்து எடுக்கும்வரை ஆவி நிற்கக் கூடாது. திம்மராயன் வால்வில் கை வைத்தபடி நின்றாராம், நாகராஜ் சார் இரண்டு தடவை சொல்லியும் மூடவில்லையாம். கொஞ்ச நேரத்தில் கேட்டைச் சுற்றிக்கொண்டு அவரே தெற்குப் பக்கம் வந்துவிட்டார். கோவிந்தராஜைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராகக் கொப்பரைக்குப் போய், கரண்டியில் கூழை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சூடு ஏறட்டும் என்று பெண்களிடம் சொன்னார். ஆலை ஒன்றாக இருந்தபோது அது அவருடைய வேலை. கோவிந்தராஜ் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். கமிஷனர் மட்டும் விடவில்லை. மூடச் சொல்லியும் ஏன் மூடவில்லை, அறிக்கையில் எழுத வேண்டும் என்று பேனாவும் கையுமாக நின்றார். திம்மராயன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கோவம் அவன் மேலதாங்க சார். பழத்து மேல எனக்கு என்னாங்க கோவம்?"

வாபஸ்

அதற்கப்புறம் வால்வை யாரும் மூடவில்லை, உத்தரவு வாங்க வேண்டிய தேவையும் வரவில்லை. பாரூர் லோடுகள் வரிசையாக வந்தன. பெங்களூர்க்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். சகலைகள் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. தெற்கே ஒருவர் ஸ்பேனரால் குழாயைத் தட்டினால் வடக்கே ஆவி திறக்கும், மறுபடி தட்டினால் மூடும். மரம் காலியாகும்வரை அப்படியே ஓடியது. கணக்கு வழக்கெல்லாம் காலையில் காய் நறுக்கும்போதே முடிந்துவிடும்.

கோர்ட் திறந்ததும் நானும் நாகராஜ் சாரும் டீக்கடையில் உட்கார்ந்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டிய சமாதான மனுவை எழுதி முடித்தோம். வழக்கை வாபஸ் வாங்கிவிடலாம், பெரிய மனுஷர்களை வைத்துக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டால் எல்லாம் சுபம். எழுதியவரை எனக்கு ரொம்பத் திருப்தி. கோவிந்தராஜ் அதை முழுக்கப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். கேஸ் அப்படியே இருக்கட்டும், வாய்தா மட்டும் வாங்கிக்கொண்டே இருங்கள் என்றார். அந்தப் பக்கம் திம்மராயனும் நாகராஜ் சாரிடம் அதையேதான் சொல்லியிருந்தார். ஏன் என்று நான் கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

"கேஸ் இருக்கற வரைக்கும் நாங்க பேசிக்க வேண்டியதில்லீங்க மேடம், வேல பாட்டுக்கு நடக்குது. வாபஸ் வாங்கிட்டா பேசணும். பேசுனா மறுபடியும் சண்ட வந்துடும்."

பேசிப் பிழைக்கிற தொழில் என்றுதான் இத்தனை வருஷமாக இதை நினைத்திருந்தேன். இப்போது மாதம் ஒரு முறை கிருஷ்ணகிரிக்குப் போய், இரண்டு பேர் பேசாமல் இருப்பதற்கு வாய்தா வாங்கிக்கொண்டு திரும்புகிறேன்.