ஒரு கெஜம் பாக்கி

வி.சி.ஆரின் வாய்க்குள் கேசட்டைத் தள்ளியதும் உள்ளே பல்சக்கரம் ஒன்று கரகரவென்று சுற்றி நிற்கும்; சூடேறிய தூசியின் வாசம் லேசாகக் கிளம்பும். துபாய் சத்வாவில் ஒரே பிளாட்டை மூன்று குடும்பங்கள் "ஷேரிங்" என்று பங்குபோட்டுக்கொண்டு வாழ்ந்த நாட்களில், எங்கள் பங்குக்கு வந்த ஒற்றை அறையில், வெள்ளிக்கிழமை மதியம் என்றால் எனக்கு அந்தச் சத்தமும் அந்த வாசமும்தான். அப்போது வெள்ளிதான் அங்கே விடுமுறை என்பதால் ஞாயிறு பூசையையும் வெள்ளியன்றே கண்டுவிட்டு வந்து, கோவிலுக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் அம்மா பார்த்தது சினிமாவோ சீரியலோ அல்ல, அமெரிக்கன் புட்பால்.

அம்மா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. துபாயில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டாயிரங்களின் நடுவில் அவளோடு வேலை பார்த்த நர்ஸ்களில் பாதிப் பேர் அமெரிக்காவுக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் எழுதிப் பாஸானாள். அமெரிக்காவில் ஏதோ ஒரு நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் நேர்முகத் தேர்வு நடத்தினார்கள். எல்லாம் கேட்டு முடித்த மறுமுனை அம்மையார் கடைசியில் சிரித்துக்கொண்டே, எங்கள் ஊர் புட்பால் அணியைத் தெரியுமா, ஞாயிறானால் வார்டு முழுக்க அதே பேச்சுதான் என்றாராம். வேலை கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் அம்மா, தெரியும், நான் அந்த அணியின் ரசிகை என்று கூசாமல் பொய் சொன்னாள். வேலை உறுதியாயிற்று. சொன்ன பொய்யை அங்கே போய் இறங்குவதற்குள் மெய்யாக்கிவிட வேண்டும் என்றுதான் ஆட்டம் பார்க்கத் தொடங்கினாள். இரண்டாம் மாதமே அந்த ஆட்டத்தின் பிடியில் வசமாக மாட்டிக்கொண்டாள்.

வரவேண்டியது விசா மட்டும்தான். வீட்டில் அதற்கு "பேப்பர்" என்று பெயர். ஏஜென்சிக்குப் போன் போட்டால், இந்த வருட எண்ணிக்கை தீர்ந்துவிட்டது, வரிசை நகரும்வரை பொறுங்கள் என்பார்கள். வரிசை நகர்ந்ததாக ஒருநாளும் தகவல் இல்லை. பேப்பரைப் பற்றி அம்மா யாரிடமும் ஒரு வார்த்தை குறைபட்டதில்லை. மொத்தக் கோபத்தையும் வெள்ளிக்கிழமைக்காகச் சேர்த்து வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

அந்த ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். பந்தோடு பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்பு. பத்தைத் தாண்டினால் மறுபடி நான்கு. மூன்று வாய்ப்பில் முடியாவிட்டால், நான்காவதில் துணிந்து ஓடலாம், அல்லது பந்தைத் தூர உதைத்து எதிராளி கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கலாம். இந்த உதைத்துக் கொடுப்பது இருக்கிறதே, அதைக் கண்டால் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏல, ஒரு கெசந்தான கெடக்கு! சோறு திங்கலியால நீ? விழுந்தாலே தாண்டிரலாமேல!" என்று அவள் போடும் சத்தத்துக்கு அடுத்த அறை மலையாளி ஆன்ட்டி கதவைத் தட்டி, ஊரில் யாருக்கும் ஏதும் ஆகிவிட்டதா என்று விசாரித்ததுண்டு.

அம்மாவிடம் இன்னும் பல குறைகள் இருந்தன. முன்னிலையில் இருக்கும் அணி கடைசி நேரத்தில் பின்வாங்கி நின்று எதிராளிக்கு வழிவிடுவது அவளைப் பொறுத்தவரை சுத்தக் கிறுக்குத்தனம். கடைசி இரண்டு நிமிடத்தை அரைமணி நேரம் இழுப்பது அக்கிரமம். இறுதிச் சுற்றான பிளேஆஃப்தான் எல்லாவற்றிலும் பெரிய அநியாயம்: செப்டம்பரிலிருந்து நாலு மாதம் எலும்பு நொறுங்க ஆடி வந்தவனை ஜனவரியில் ஒரே ஒரு தோல்விக்காக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வருடம் முழுக்க நன்றாகப் படித்த பிள்ளையை ஒருநாள் காய்ச்சலுக்காக பெயிலாக்கும் பள்ளிக்கூடம் என்று இந்த ஏற்பாட்டைச் சொல்வாள். சின்னப்பிள்ளையான நானும் ஆறாம் வகுப்புக் கணக்குக்கு இடையே அதே கோபங்களை அப்படியே வாங்கிக்கொண்டேன்.

ஆட்டங்கள் எங்களுக்குத் திங்கட்கிழமை விடிவதற்குள் முடிந்துவிடும். அம்மாவுக்கு மாலை "டூட்டி"; நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் அவள் கிளம்பியிருப்பாள். ஆகவே வி.சி.ஆரில் பதிவுசெய்து, சேர்ந்து பார்க்க வெள்ளிவரை காத்திருப்போம். அதுவரை முடிவு இருவர் காதிலும் விழக்கூடாது என்பது சட்டம். நான் ஆறாம் வகுப்பிலிருந்த ஜனவரியில், எங்கள் அணியின் முதல் பிளேஆஃப் ஆட்டத்தில், கடைசி இரண்டு நிமிடம் பாக்கியிருக்கையில் மூன்று மணிநேரக் கேசட் தீர்ந்து திரை நீலமானது. வென்றுவிட்டார்கள் என்பதைப் பழைய செய்தித்தாள் கட்டைக் குடைந்து கண்டுபிடித்தோம். மறுநாளே அம்மா நாலு மணிநேரக் கேசட் வாங்கி வந்தாள். அடுத்த ஆட்டத்தையும் வென்று, இன்னும் ஒன்று ஜெயித்தால் இறுதிப் போட்டி என்கிற நிலைக்கு எங்கள் அணி வந்துசேர்ந்தது. "இவனுவ பைனலுக்குப் போயிட்டா நம்ம பேப்பரும் வந்துரும், பாத்துக்க" என்றாள் அம்மா. அவள் பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் முழுதாக நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை மாலை அப்பாவிடமிருந்து போன் வந்தது. அப்பா ஓமானில், சோஹார் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். மாதத்துக்கு ஒருமுறை எல்லை தாண்டி எங்களிடம் வருவார். "அம்மாட்ட சொல்லுட்டி, போனா போவுது, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்னு. எங்க சூப்பர்வைசர் அந்த ஊர்க்காரன், நேத்துலேருந்து பொலம்பிக்கிட்டே கெடக்கான்" என்றார். இவ்வளவு பெரிய ஆட்டத்தை அவள் வெள்ளிவரை பொறுத்திருக்க மாட்டாள் என்று தானாகவே முடிவுகட்டிவிட்டார். ஆறுதல் சொல்ல வந்த மனிதர் என் தலையில் அந்தத் தோல்வியை இறக்கி வைத்துவிட்டு, கார்டில் காசு தீரப்போகிறது என்று வைத்துவிட்டார்.

அப்பா மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அதைவிடப் பெரியது பயம். அணி தோற்றால் பேப்பர் வராது. பேப்பர் வராது என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். புதன், வியாழன் இரண்டு நாளும் அம்மாவின் முகத்தை நேராகப் பார்க்காமல் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் தைலம் தேய்த்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கேசட்டைப் போட்டோம். முதல் பாதியில் எங்கள் அணி நன்றாகவே ஆடியது. அம்மா கைதட்டினாள், கெஜக்கணக்குச் சொன்னாள், எனக்கு முறுக்கு எடுத்துத் தந்தாள். அவள் சந்தோஷப்பட்ட ஒவ்வொரு தடவையும் நான் கையிலிருந்த முறுக்கைப் பொடித்துக்கொண்டிருந்தேன். நாலு புள்ளி முன்னிலை, மூன்று நிமிடத்துக்கும் குறைவாகப் பாக்கி, மைதானத்தின் நடுவில் நான்காவது வாய்ப்பு, போகவேண்டியது ஒரே ஒரு கெஜம். அதைத் தாண்டியிருந்தால் நேரத்தைக் கரைத்து முடித்திருக்கலாம். பயிற்சியாளர் பந்தை உதைத்துக் கொடுக்கச் சொன்னார். அம்மா கட்டிலை விட்டு இறங்கித் திரைக்கு அருகில் போய் நின்று, தூத்துக்குடிக் கடற்கரையில் புழங்கும் வசவுகளில் பாதியை, என் காதில் விழக்கூடாதவை உட்பட, அந்த ஆள் முகத்துக்கு நேராகக் கொட்டினாள். எதிராளி மைதானத்தின் மறுகோடிவரை ஓடிவந்து, பன்னிரண்டு விநாடி மிச்சம் இருக்கையில் எல்லையைத் தாண்டி ஆறு புள்ளி எடுத்துவிட்டான்.

நான் அழுதுவிட்டேன். எனக்கு முன்பே தெரியும், அப்பா சொல்லிவிட்டார், உன்னிடம் மறைத்தேன், பேப்பர் இனி வராது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"எனக்குத் திங்கக்கெழமயே தெரியும்ட்டி. வார்டுல ஒரு பேஷண்ட்டு டிவியில அதத்தான் ஓட விட்டிருந்தாரு. நீ ஆசயா பாப்பியேன்னு வாயத் தொறக்கல."

"அப்புறம் எதுக்கும்மா இப்பிடிக் கத்துன?"

"தெரிஞ்சா கோவம் வராதா? அந்தக் கோழப்பய ஒதைச்சுக் குடுக்கத எங் கண்ணால பாத்துத் திட்டாண்டாமா?"

பேப்பர் வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. விசாவுக்காக எழுதிய ஆங்கிலப் பரீட்சை மதிப்பெண்ணின் கெடு முடிந்து, மறுபடி எழுதி, அதுவும் முடிந்தது. மூன்றாவது முறை எழுதுகிறீர்களா என்று ஏஜென்சியில் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்று அவள் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு அங்கே ஒரு முகம்கூட இல்லை.

நான் இப்போதும் துபாயில்தான் வேலை பார்க்கிறேன். சத்வாவில் நாங்கள் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். வி.சி.ஆர். எப்போது குப்பைக்குப் போனது என்று யாருக்கும் நினைவில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறையே போய்விட்டது. இங்கே இப்போது சனியும் ஞாயிறும்தான். ஒரு முடிவைத் தெரிந்துகொள்ளாமல் ஐந்து நாள் இருப்பது இன்று நடக்காத காரியம், கண் விழிக்கும் முன்பே செல்போன் சொல்லிவிடுகிறது. அம்மாவும் அப்பாவும் தூத்துக்குடியில் இருக்கிறார்கள். அம்மா அந்த நகரத்தை இன்றுவரை பார்த்ததில்லை, ஆனால் அதன் அணியை ஒரு வாரம்கூட விட்டதில்லை.

போன ஜனவரியில் எங்கள் அணி மறுபடி பிளேஆஃபுக்கு வந்தது. இப்போது வேறு பயிற்சியாளர். மறுபடி நான்காவது வாய்ப்பு, மறுபடி ஒரு கெஜம். இவர் உதைக்கச் சொல்லவில்லை, ஓடச் சொன்னார். ஓடியவனைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் மடக்கிப் போட்டுவிட்டார்கள், தோற்றோம். அந்தப் பயிற்சியாளரை ஊரே கிழித்துக்கொண்டிருக்க, என் பங்குக்கு நானும் அம்மாவிடம் போனில் ஆரம்பித்தேன். அவள் குறுக்கே வெட்டினாள்.

"அவனத் திட்டாதட்டி. அவன் ஓடிப் பாத்துட்டாம்லா" என்றாள்.

அவளுக்கு ஆறிவிட்டது போலிருக்கிறது. எனக்கு ஆறவில்லை.