ராசி கெட்ட டிராக் வண்டி

வண்டிக்கு ராசி என்று ஒன்று கிடையாது. பிஸ்டன் உண்டு, ரிங் உண்டு, கார்புரேட்டர் உண்டு. இதில் ஏதாவது கெட்டால் வண்டி நிற்கும், சரி செய்தால் ஓடும். இதை எங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அது நூறு சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. கடலூரில் டிராக் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் கல்யாணம் ஆனதும் பெண்டாட்டி பேச்சைக் கேட்டு விற்றுவிட, நான் வாங்கினேன். அப்போது நான் கடலூரை அடுத்த எங்கள் ஊரில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் வேலைக்குச் சேர்ந்த புதிது. வண்டிக்கு ஹெட்லைட் இல்லை, ஹாரன் இல்லை, சீட் என்ற பெயரில் தகரத்தின் மேல் ஒரு துண்டு ரெக்ஸின். கிளம்பும் வேகத்தில் முன் சக்கரம் மேலே தூக்காமல் இருக்கப் பின் சக்கரத்தை ஒரு சாண் தள்ளி வைத்திருந்தார்கள். பார்த்தால் யாரோ வாலைப் பிடித்து இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். ரோட்டில் ஓட்டுகிற வண்டி இல்லை. பந்தயத்துக்கென்று மூடிய ஓடுதளத்தில், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்பி, நேர்கோட்டில் கால் மைல் போக வேண்டும். அவ்வளவுதான் பந்தயம்.

அண்ணன் துணைக்கு வர, இரண்டு முறை ஓட்டினேன், ஒன்றில் ஜெயித்தேன். மூன்றாவது முறை கிளட்சை விட்டதுமே பின் சக்கரம் வழுக்கிக்கொண்டு போய், வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தோள்பட்டை எலும்பு முறிந்தது. கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு இருந்த அதே மாதம், எனக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அடுத்து அப்பா வேலை பார்த்த மில்லை மூடினார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ராசி கெட்ட வண்டி என்று அம்மா முடிவு கட்டினாள். "மில்லுல இருந்த மத்தவங்க எல்லார் வீட்லயும் எந்த வண்டிம்மா நின்னுச்சு?" என்று கேட்டேன்.

வண்டியைச் சொன்னதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போகப் போக வண்டிக்கு ஒட்டிய பெயர் எனக்கும் ஒட்டிக்கொண்டது. சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தபோது, வளையல் தட்டை எடுக்கப் போன என் கையிலிருந்து ஒருத்தி அதைச் சிரித்துக்கொண்டே வாங்கி வேறொரு பெண்ணிடம் கொடுத்தாள்.

அப்பா இருந்தவரை, "கெடக்கட்டும், சோறா கேக்குது?" என்று வண்டியைப் பின்பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே விட்டுவைத்திருந்தார். அவர் போன பிறகு அண்ணன் கார் வாங்க முடிவு செய்தான். அதை நிறுத்த அந்த இடம் வேண்டும். காயலான் கடைக்காரரை வரச் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் சொன்னான். அவர் தள்ளுவண்டியோடு வந்தபோது நான் டிராக் வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவர் பாவம், என்னையும் சேர்த்து எடை போடுவதா என்ற முகத்தோடு நின்றார்.

"ஓடற வண்டின்னா வச்சிக்கோ. ஓடாத இரும்ப வச்சினு இன்னா பண்ணப் போற?" என்றான் அண்ணன்.

"ஓடும்."

"எப்ப?"

"ஆயுத பூஜைக்கு."

"ஓடலன்னா நீயே தள்ளிக்கினு போயி போடணும்."

"போடறேன்" என்றேன். வாய் முந்திக்கொண்டது. எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று அப்போது எனக்கே தெரியாது.

எங்கள் ஊர்க் கடற்காற்று இரும்பை விட்டுவைக்காது. கிக்கரை மிதித்தால் அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி ஒரு வாரத்தில் பிரித்தேன். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகிக் கிடந்தது. சிலிண்டரைக் கடைக்குக் கொண்டுபோய் துளையைச் சற்றுப் பெரிதாக்கி ரீபோர் செய்து, அடுத்த அளவில் பிஸ்டன் வாங்கினேன். எங்கும் கிடைக்காத இரண்டு உலோகப் புஷ் வளையங்களைச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கம்பெனி லேத்திலேயே கடைந்துகொண்டேன். டேங்க் உள்ளே முழுக்கத் துரு. புளியைக் கரைத்து ஊற்றி, கைநிறைய நட்டுகளைப் போட்டு, இடுப்பில் குழந்தையை வைத்து ஆட்டுவது போல் ஆட்டினேன்.

"கொழம்புக்கு வச்ச புளிய எடுத்துத் தகரத்துக்கு ஊத்தறா. இவ உருப்படுவாளா?" என்று அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். குழம்பு அன்றைக்குத் தக்காளியில்தான். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், அவளை வெறுப்பேற்றுவதற்கென்றே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின் சக்கரத்துக்குப் புது டயர் ஏற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் டீ டம்ளரோடு வந்து நின்றான்.

"எதுக்குடி இவ்ளோ பாடு? அன்னிக்கி நான் கோயில்ல வச்சி வாங்கியாந்த எலுமிச்சம்பழத்தயே வச்சேன். அப்பிடியும் உன்னத் தூக்கிப் போட்டுச்சே. அப்ப வண்டி எப்பேர்ப்பட்ட வண்டின்னு பாத்துக்கோ."

எனக்குக் கை நின்றுவிட்டது. "எங்க வச்ச?"

"டயருக்கு அடியிலதான். வேற எங்க வப்பாங்க?"

"எந்த டயரு?"

"பின் டயரு. மொத ரெண்டு வாட்டியும் முன் டயருக்குத்தான் வச்சேன். ஒருவாட்டிதான் ஜெயிச்ச. அதான் எஞ்சின் இழுக்கற டயருக்கே வச்சிடலாம்னு..."

"எப்ப வச்ச?"

"நீ டயர சுத்தவுட்டுப் பொக வர வச்சல்ல, அதுக்கு அப்பறம். நீ லைட்டையே பாத்துனு இருந்த. டக்குனு வச்சிட்டு வந்துட்டேன்."

டிராக் ஓட்டுகிறவர்கள் கிளம்புவதற்கு முன் பின் டயரை நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகை வர வைப்பது பந்தாவுக்கு இல்லை. ரப்பர் சூடேறினால்தான் தரையைப் பிடிக்கும். அதன் பிறகு அந்த டயரில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, விரல்கூட வைக்கக்கூடாது. அந்த டயருக்குத்தான் என் உடன்பிறந்தவன், முழு பக்தியோடு, சாறு நிறைந்த ஒரு பழத்தை வைத்திருக்கிறான்.

முதலில் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தேன். பிறகு கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரில் விட்டெறிந்தேன். இத்தனை வருடம்! எத்தனை விசேஷ வீடுகளில் நான் கடைசி வரிசையில் நின்றிருக்கிறேன்! அவன் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அவன் மேல் இருந்தது, அம்மா மேல் இருந்தது, வளையல் தட்டைப் பிடுங்கியவள் மேலும் இருந்தது.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "சாமி பழத்தப் போயிக் குத்தம் சொல்ற. வாய கழுவுடி" என்றாள். அண்ணன் டயரையே பார்த்துக்கொண்டிருந்தான். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நான் சக்கரத்தை ஏற்றும்போது மறுபக்கம் பிடித்துக்கொண்டான். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை.

ஆயுத பூஜையன்று காலை வண்டியைத் தெருவில் இறக்கி உதைத்தேன். நாலைந்து உதைக்குப் பிடிவாதமாக இருந்தது. அடுத்த உதைக்குப் பிடித்துக்கொண்டது. தெரு முழுக்க வெள்ளைப் புகை. எதிர்வீட்டில் இருந்த, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, "இன்னாம்மா, ஏரோப்ளேன் எறக்கிட்டியா?" என்று கத்தினார். நான் ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.

அம்மா அண்ணனின் காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள், என் ஸ்கூட்டிக்கு வைத்தாள், அம்மிக்கும் அரிவாள்மணைக்கும்கூட வைத்தாள். டிராக் வண்டியைத் தாண்டிப் போனாள். "ஓடுதுன்னா ஓடட்டும். அது மேல ஏறினன்னா மறுபடியும் உன்னத் தள்ளத்தான் போவுது, பாரு" என்றாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஓடினால் மட்டும் போதாது. பந்தயத்தில் ஓட்ட வேண்டும்.

அடுத்த பந்தயத்துக்கு அண்ணனும் வந்தான். கோட்டருகே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டு, "நான் இன்னா செய்யணும்?" என்றான்.

"ஒண்ணும் செய்யாத. கைய பாக்கெட்ல வச்சிக்கினு நில்லு."

நின்றான். டயரைச் சுழற்றினேன், புகை வந்தது. பக்கத்துக் கோட்டில் என் வயதில் பாதி இருக்கும் ஒரு பெண். தோளில் பழைய முறிவு இருந்த இடம் வலிக்கவில்லை, ஆனால் அது அங்கே இருப்பது தெரிந்தது. பயம் இருந்தது. விளக்கு மாறியது. கிளட்சை விட்டேன். வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. முதல் கியரில் நான்தான் முன்னால். பிறகு, நேராகப் போகிறதே என்கிற சந்தோஷத்தில் அசந்துவிட்டேன் போல, இரண்டாவது கியரைப் போடத் தாமதித்தேன். அந்தப் பெண் என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அம்மாவிடமிருந்து போன்.

"என்னடி ஆச்சு?"

"தோத்துட்டேன்."

"நான்தான் அப்பவே சொன்னனே. அந்த வண்டி..."

"வண்டி நல்லாத்தான் போச்சும்மா. நான்தான் கியர லேட்டாப் போட்டேன்."

அம்மா நம்பவில்லை. அந்த வண்டி அப்படித்தான், அது யாரையும் வாழ விடாது என்று மறுபடியும் ஆரம்பித்தாள். அண்ணன் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து, போனை என்னிடமிருந்து வாங்கினான்.

"ம்மா, சும்மா வண்டிய சொல்லாத. இவ தப்புதான்" என்றான்.

என் வீட்டார் என்னைப் பற்றி இதுவரை சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.