நிற்காத மெஷின் வாள்

1. நெடுங்காட்டில் வாங்கியது

அந்த மெஷினை விற்றவர் அதைக் கையால் தொடவில்லை. மாட்டுக் கொட்டகையின் மூலையைக் காட்டிவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார்.

நான் காரைக்காலில் ஒரு பம்புசெட் கடையில் மெக்கானிக். எழுபதுகளின் கடைசியில் அடித்த புயலுக்குப் பிறகு, விழுந்த மரங்களை அறுக்க வெளியூரிலிருந்து மெஷின் வாள்கள் வந்தன. செயின் போட்டு, பெட்ரோலில் ஓடும் ரம்பத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வேலை முடிந்த பிறகு அவற்றில் சில கைமாறி, பழுதாகி, இங்கேயே தங்கிவிட்டன. சவுக்குத் தோப்பு குத்தகை எடுப்பவர்களுக்கும் படகு கட்டுபவர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்ற ஆசை இருந்தது. புதிதாக வாங்க வசதி இல்லை. பழுதான மெஷின்களை மலிவாக வாங்கி, இரண்டைப் பிரித்து ஒன்றாக்கி விற்கும் வேலையை நான் அப்போதுதான் ஆரம்பித்தேன். கடை வேலை முடிந்த நேரத்தில், வீட்டுக் கொல்லைக் கொட்டகையில்.

வாங்கும்போது நான் பார்ப்பது சில விஷயங்கள்தான். சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்தால் பிஸ்டன் தெரியும். அதில் கோடு விழுந்திருந்தால் திரும்பி வந்துவிடுவேன். கயிற்றை மெதுவாக இழுத்தால் கம்ப்ரஷன் இருக்கிறதா என்பது விரலிலேயே தெரியும். செயின் ஓடும் பட்டையான பார் வளைந்திருக்கக் கூடாது. செயினை இழுக்கும் ஸ்ப்ராக்கெட் பல் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். உடைந்த கைப்பிடி, கிழிந்த ஏர் ஃபில்டர் எல்லாம் பெரிய விஷயமே இல்லை; அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

நெடுங்காட்டு மெஷினில் விலையைக் குறைக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பிஸ்டன் கண்ணாடி மாதிரி இருந்தது. விற்பவர் விவசாயி, பெயர் தங்கராசு. நான் பேரம் பேசும் முன்பே அவராகவே குறைத்துக்கொண்டு வந்தார்.

"யாரு ஓட்டினது?" என்று கேட்டேன்.

"என் தம்பிங்க. இலுப்ப மரம் அறுக்கப் போனான். சோறு எடுத்துக்கிட்டுப் போன பொம்பளதான் பார்த்திருக்கு. மரத்துல சாஞ்சு உக்காந்திருக்கான். ஒடம்புல ஒரு கீறல் இல்லைங்க. மாரடைப்புன்னுட்டாரு டாக்டரு."

"மெஷினு?"

"அது ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவனுக்கு எதுத்தாப்புல. நான்தான் ஸ்விட்ச தள்ளினேன். நிக்கல. ஈரச் சாக்க போட்டோம். சாக்கு கருகிச்சே தவிர அது நிக்கல. அப்புறமா அதுவா நின்னுச்சு." கொட்டகைக்குள் பார்க்காமலே சொன்னார். "அவனையே பார்த்துக்கிட்டு இருந்தாப்புல இருந்துச்சுங்க. எடுத்துட்டுப் போயிருங்க."

துக்கத்தில் இருப்பவர் பேச்சு என்று நினைத்தேன். ஸ்விட்சிலிருந்து வரும் ஒயர் அறுந்திருந்தால் எந்த மெஷினும் நிற்காது. மூன்று அங்குல ஒயரில் தீர்ந்துபோகும் விஷயம். சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்தேன்.

2. காது மந்தம்

ஒயர் அறுந்திருக்கவில்லை. ஸ்விட்ச்சும் நன்றாகவே இருந்தது. இருந்தாலும் இரண்டையும் மாற்றினேன்.

கொட்டகையில் எனக்குத் துணை என் மகள் ஸ்டெல்லா. எங்களுக்கு ஒரே பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பி, காதாலேயே கேட்டு, ஐட்லிங்கைச் சரியாக வைப்பாள். எனக்கு அவள் கையைப் பார்த்தால் பெருமை, ஓடும் செயினுக்குப் பக்கத்தில் அதே கையைப் பார்த்தால் பயம். அவள் மெஷினைத் தொடும்போதெல்லாம் "விரல், விரல்" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

என் மனைவி லூர்துக்கு வேறு கவலை. "மாப்ள வீட்டுக்காரங்க வந்து கேட்டா என்னத்த சொல்றது? பொண்ணு சமைப்பா, தைப்பா, மரம் அறுக்குற மெஷின ஸ்டார்ட் பண்ணுவான்னா?"

"அதையும் சேத்தே சொல்லிருங்கம்மா. ஓடுறவன் வாசலோட ஓடிருவான். காப்பிப் பொடி மிச்சம்" என்றாள் ஸ்டெல்லா.

நெடுங்காட்டு மெஷின் பெட்ரோலும் அதில் கலக்கும் டூ-டி ஆயிலும் ஊற்றியதும் இரண்டாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. ஸ்விட்சைத் தள்ளினால் நின்றது. பல நாள் ஸ்டார்ட் செய்து பார்த்தோம், கட்டை அறுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் நின்றது. ஆனால் மற்ற மெஷின்கள் ஸ்விட்சைத் தள்ளியதும் சட்டென்று அடங்கும். இது ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டுத்தான் அடங்கியது. நான் சொல்லவில்லை. ஸ்டெல்லாவே கண்டுபிடித்தாள்.

"இதுக்குக் காது மந்தம்ப்பா. சொன்னது கொஞ்சம் லேட்டாத்தான் கேக்குது."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3. கலியமூர்த்தி

கருக்களாச்சேரியிலிருந்து கலியமூர்த்தி வந்தார். கடலுக்குப் போகிறவர். படகுக்கு எஞ்சின் வைத்திருந்தார்; கடல் சரியில்லாத மாதங்களில் சவுக்குத் தோப்பு வெட்டும் காண்ட்ராக்ட் எடுப்பார். அவருக்கு இந்த மெஷின் பிடித்துவிட்டது. தங்கராசு சொன்னது முழுவதையும் அவரிடம் சொன்னேன்.

"செத்தவன் வலைய நாங்க போடலையாண்ணே? அத விடவா இது?" என்றார். மெஷினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "என்னடா, வர்றியா?" என்று அதையே கேட்டுவிட்டுப் போனார்.

எந்தப் பழைய மெஷினுக்கும் ஒரு ஸ்பேர் செயினைச் சாணை பிடித்துத் தருவது எங்கள் வழக்கம். அன்று அது தயாராகவில்லை. பிறகு தருவதாகச் சொல்லியிருந்தேன்.

4. ஏறி இறங்காத சத்தம்

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டிருந்தோம். ஸ்டெல்லா சாணை பிடித்த செயினைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, கலியமூர்த்தி வெட்டும் தோப்புக்குக் கிளம்பினாள். எங்கள் வீட்டிலிருந்து தோப்பு பக்கம்தான். வயல் முடிந்து மணல் ஆரம்பிக்கும் இடத்திலிருந்து கடல் வரை சவுக்கு.

வெயில் உச்சியில் இருந்தது. கடல் காற்று வீசும்போது தோப்பில் மெஷின் ஓடும் சத்தம் எங்கள் கொல்லை வரை வரும். அது நெடுங்காட்டு மெஷின்தான் என்று தெரிந்தது. நானே பிரித்துப் பூட்டிய மெஷினின் குரல் எனக்குத் தெரியாதா? கையைக் கழுவிவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தவன், அப்படியே நின்றேன்.

ஆள் கையில் இருக்கும் மெஷினின் சத்தம் ஏறும், இறங்கும். மரத்தில் வைத்தால் அழுந்தும், எடுத்தால் துள்ளும். வெட்டுகிறவன் வியர்வையைத் துடைத்தால் அதுகூடச் சத்தத்தில் தெரியும். இது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முழு வேகத்தில் ஒரே நூலாக வந்துகொண்டிருந்தது. அந்த மெஷினை யாரும் பிடித்திருக்கவில்லை.

ஸ்டெல்லா போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

செருப்பைத் தேடவில்லை. மணலில் ஓடியபோது கால் சுட்டதாகக்கூட நினைவில்லை. தோப்புக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறைந்தது. சவுக்கு ஊசிகள் பல வருஷமாக உதிர்ந்து மெத்தை மாதிரி கிடந்தன. என் காலடி எனக்கே கேட்கவில்லை. மேலே காற்று உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. அவள் சைக்கிள் ஒரு மரத்தில் சாய்ந்திருந்தது. வெட்டிப் போட்ட மரங்கள் கிடந்தன. ஒரு தண்ணீர்க் குடம், ஒரு சட்டை, பாதி கடித்த மாங்காய். ஆட்கள் இல்லை.

அப்பால் ஒரு வெட்டவெளியில் மெஷின் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. செயின் மண்ணைக் கொத்த, அந்த வேகத்தில் தன்னையே இழுத்துக்கொண்டு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சருகெல்லாம் பறந்து, ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு வட்டம் வெள்ளை மணலாகச் சுத்தமாகி இருந்தது. யாரோ உட்கார்ந்து துடைத்தது போல.

அந்த வட்டத்தின் ஓரத்தில் என் மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தாவணியை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். கண் மெஷினின் மேலேயே இருந்தது.

"ஸ்டெல்லா!" என்று கத்தினேன். கேட்கவில்லை. நான் அவள் முதுகுக்குப் பின்னால், வட்டத்துக்கு இந்தப் பக்கம் இருந்தேன். ஓடினால் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அவள் திரும்பக் கூடாது. ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மாதாவே, மாதாவே என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

மெஷின் சுற்றி வந்து, அதன் பார் அவளுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. அவள் எழுந்தாள். வட்டத்துக்குள் ஓரடி வைத்தாள். பின் கைப்பிடியைக் காலால் மிதித்து, குனிந்து, சோக்கை இழுத்தாள்.

நின்றுவிட்டது. மேலே சவுக்கின் இரைச்சல் மட்டும் இருந்தது.

நான் போய் அவள் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். பிறகு அவள் இரண்டு கையையும் பிடித்து விரல்களைத் தடவிப் பார்த்தேன். அவள் என் தோளைப் பிடித்தாள்.

"மூச்சு வாங்குது பாருங்க. உக்காருங்கப்பா முதல்ல." பிறகு மெஷினைக் காட்டினாள். "ஸ்விட்ச் ஆஃப்லதான்ப்பா இருக்கு."

இருவரும் பார்த்தோம். ஆஃபில்தான் இருந்தது.

5. என்ன ஊற்றினீர்கள்

கலியமூர்த்தி கடற்கரைப் பக்கமிருந்து நாலைந்து பேருடன் ஓடி வந்தார். ஒருவர் கையில் வாளித் தண்ணீர். மாரியம்மன் கோயில் பூசாரியும் வந்திருந்தார், கையில் எலுமிச்சம்பழத்துடன்.

"நிறுத்தினேண்ணே, நிக்கல. கையில வெச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் அந்த நெடுங்காட்டு ஆளு நெனப்பு வந்துருச்சு. கீழ போட்டுட்டு ஓடியாந்துட்டோம். பாப்பா வரும்னு தெரியாதுண்ணே, சத்தியமா."

ஸ்டெல்லா கேட்டாள்: "என்னண்ணே ஊத்துனீங்க?"

"போட் எஞ்சினுக்கு ஊத்துறதத்தான் பாப்பா. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணிட்டு, சூடானதும் மண்ணெண்ண. வேற எத ஊத்துவாங்க?"

இந்த டெல்டாவில் பிறந்த யாரும் செய்யக்கூடியதுதான். எங்கள் வயல் பம்புசெட் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும். படகு எஞ்சினும் அப்படியே. பெட்ரோல் பற்றவைக்க, மண்ணெண்ணெய் ஓட்ட. எஞ்சின் என்றாலே இங்கே கை அப்படித்தான் பழகியிருக்கிறது. நெடுங்காட்டுத் தம்பியும் வயல்காரன். அவனும் அதையே ஊற்றியிருப்பான்.

மெஷின் வாள் அதைத் தாங்காது. மண்ணெண்ணெயில் அளவுக்கு மீறிச் சூடாகும். சிலிண்டர் தலைக்குள் கரி படியும். படிந்த கரி அடுப்புக் கங்கு போலப் பழுத்துவிடும். ஸ்விட்ச் அணைப்பது பிளக்கில் வரும் பொறியை மட்டும்தான். உள்ளே கங்கு இருக்கும்போது பொறி எதற்கு? எண்ணெய் இருக்கும் வரை ஓடும். சோக்கை இழுத்துக் காற்றை அடைத்தால்தான் நிற்கும். நான் டார்ச் அடித்துப் பார்த்தது பிஸ்டனின் பக்கவாட்டை. கரி இருந்தது தலைக்குள்.

இதையெல்லாம் அங்கேயே சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பூசாரி எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப சரி" என்றார். ஆனால் வட்டத்துக்குள் யாரும் கால் வைக்கவில்லை.

"கடல்ல போட்டுருவோம்" என்றேன்.

"ஐயய்யோ, அங்க வேணாம்ண்ணே. நாங்க வலை போடுற எடம்" என்றார் கலியமூர்த்தி. அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அவர் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெஷினை நான் எடுத்துக்கொண்டேன். ஸ்டெல்லா அதைத் தூக்கும் முன் டேங்க் மூடியைத் திறந்தாள். விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"கார்புரேட்டர்ல மிச்சம் இருந்திருக்கும்ப்பா" என்றாள்.

இருக்கலாம். கார்புரேட்டரில் மிச்சம் இருந்தால் ஓடும். ஆனால் அது சில மூச்சுக்குத்தான் வரும். கொல்லையில் துண்டோடு நின்ற எனக்குக் கேட்டது முதல், அவள் சோக்கை இழுத்தது வரை, அதே சத்தம். அது காலி டேங்க்கில் எவ்வளவு நேரம் ஓடியது என்று நான் அவளிடம் கேட்கவில்லை. அவளும் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

6. விற்பதற்கு முன்

மெஷினை அவளே பிரித்தாள். மூங்கில் சிம்பால் சுரண்டியபோது கரி பொருக்குப் பொருக்காக வந்தது. காகிதத்தில் கொட்டி எனக்குக் காட்டினாள். பார்த்துக்கொண்டேன். மெக்கானிக்காக எனக்கு எல்லாம் புரிகிறது. ஆனால் தூக்கத்தில் அந்த வட்டம் வருகிறது; அதன் நடுவில் மெஷின் இருப்பதில்லை.

இனிக் கொட்டகைக்கு வராதே என்று சொல்லிப் பார்த்தேன். லூர்தும் சொல்லிப் பார்த்தாள். "நீங்க அங்க இருக்கும்போது நான் மட்டும் வீட்டுக்குள்ள உக்காந்து அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவன் நான்.

அதனால், விற்பதற்கு முன் வாங்குகிறவரையே நிறுத்திக் காட்டச் சொல்லும் வழக்கம் வைத்துக்கொண்டோம். பழைய மெஷின் வாங்குகிற இளைஞர்கள் அனைவருக்கும் இதைத்தான் சொல்கிறேன். ஸ்டார்ட் ஆகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். நிறுத்தத் தெரியுமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் காரைக்கால்மேட்டிலிருந்து படகு கட்டுகிற ஒருவர் வேறொரு மெஷினைப் பார்க்க வந்தார். பெட்ரோலும் டூ-டி ஆயிலும் தவிர எதையும் ஊற்றக் கூடாது என்று சொன்னதற்கு, "தெரியும், தெரியும்" என்றார். கயிற்றை இழுத்தார். உடனே ஸ்டார்ட் ஆனது. முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரே இழுப்புல புடிச்சுக்கிச்சு பாத்தீங்களா! கைராசி!"

"நல்லதுண்ணே" என்றாள் ஸ்டெல்லா. சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொன்னாள். "இப்ப நிறுத்துங்க."

அவர் விரல் ஸ்விட்சுக்குப் போனது. ஸ்டெல்லா அதற்கு முன்பே தன் உள்ளங்கையால் ஸ்விட்சை மூடிக்கொண்டாள்.

"இது இல்லாம."

அவர் சிரித்துக்கொண்டே மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். அவர் தேடிக்கொண்டே இருந்தார், அது அவர் கையில் ஓடிக்கொண்டே இருந்தது.